பெருக்கல் குறி போட்ட இடம்

ஜூலை 3

என் செல்ல வாயாடிக்கு,

பாட்டி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறாய் என்று நம்பி எழுதுகிறேன்.

முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் சேதி. உன் பெரியப்பா மகன் மின்சார ஆபீஸ் பரீட்சையில் தேறிவிட்டான். கம்பம் ஏறுகிற வேலைதான், ஆனால் சட்டைப் பையில் ஆபீஸ் முத்திரை தைத்திருக்கும். அந்தச் சட்டைக்குப் பட்டன் வைத்தது நான். அவன் தங்கச்சி நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருஷம். ஊசி போடுவதில் வகுப்பிலேயே முதல். என் கையில் போட்டுக் காட்டினாள், எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. உன் அத்தை மகன் குண்டன் ஓட்டப்பந்தயத்தில் மூன்றாவதாக வந்தான். ஓடியதே நாலு பேர்தான் என்று உன் அப்பா சொன்னான். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

கடைசியில் நீ. எல்லோரையும் சொல்லி முடித்து, கேட்பவர்கள் எழுந்து போகப் பார்க்கும்போது உன்னைச் சொல்வேன். உடனே திரும்ப உட்கார்ந்துவிடுவார்கள். விமானம் ஏறிப் போய் மண்ணைப் பரிசோதிக்கும் படிப்பு படிக்கிறாள் என்றால், "மண்ணைப் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா பாட்டி, நம்ம வாசல்ல இல்லாத மண்ணா?" என்கிறார் நம் தையல் கடை மாஸ்டர். கிண்டல் பண்ணிக்கொண்டே உன் படத்துக்குச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டியதும் அவர்தான். துணி கொடுக்க வருகிறவர்கள் எல்லாம் "இது யாரு?" என்று கேட்காமல் போவதில்லை. நான் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டே தலையைத் தூக்காமல், "என் பேத்தி" என்பேன்.

ஆனால் அது நீ கிளம்பிய அன்று எடுத்த படம். புதிதாக ஒன்று அனுப்பு. போனில் நீ பேசுவது எனக்குத் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரிக் கேட்கிறது. காகிதம்தான் சௌகரியம், எத்தனை தரம் வேண்டுமானாலும் படிக்கலாம்.

உன்னை நினைத்தே பொழுது போக்கும்,
பாட்டி


ஜூலை 20

அன்புள்ள பாட்டிக்கு,

நான் நல்லா இருக்கேன். உங்க முழங்கால் வலி எப்படி இருக்கு? கண்ணாடி மாத்தினீங்களா?

பரீட்சையில தேறின பெரியவனுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்க. குண்டன் விஷயம் என்னோடேயே இருக்கும்.

என் அறை மூணாவது மாடியில. கட்டில், மேஜை, ஒரு ஜன்னல். ஜன்னல் கை நுழையுற அளவுக்குத்தான் திறக்கும், அதுக்கு மேல திறக்க முடியாம இரும்பு வெச்சிருக்காங்க. சமையலறை ஆறு பேருக்குப் பொது. அலமாரியில என் தட்டு மேல என் அறை எண் ஒட்டியிருக்கு. யாரும் யார் தட்டையும் தொட மாட்டாங்க.

பாடம் கொஞ்சம் கஷ்டம். பழகிடும்.

போட்டோ எடுக்கணும்னுதான் நினைச்சேன். தலை வாரல, அதனால எடுக்கல. அடுத்த தடவை.

அன்புடன்,
உங்கள் பேத்தி


ஆகஸ்ட் 2

என் வாயாடிக்கு,

கடிதம் வந்தது. எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். உன் கடிதத்துக்குத்தான் உடம்பு சரியில்லை போலிருக்கிறது, ஒரு பக்கத்துக்கு மேல் வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் நாலு பேர் கதையைச் சொல்லி முடிக்கிற பெண் நீ. அங்கே பேச்சுக்கு வரி போடுகிறார்களா?

தலை வாரவில்லை என்று எழுதியிருக்கிறாய். மணி பத்தானாலும் இரட்டைப் பின்னல் இல்லாமல் வாசலைத் தாண்டமாட்டேன் என்று அழுதவள் நீ. உன் அம்மா போன பிறகு எனக்குப் பின்னல் போட வராமல், மாஸ்டரின் மனைவியிடம் போய்க் கற்றுக்கொண்டு வந்தேன். ஞாபகம் இருக்கிறதா?

ஒரு பெரிய சேதி. நான் ஐந்தாவது வரை படித்த பள்ளிக்கூடத்திலிருந்து தலைமை ஆசிரியை கடைக்கே தேடி வந்தார். சின்ன வயசுதான், உன்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். செப்டம்பர் 26-ஆம் தேதி ஆண்டு விழாவாம். "நீங்கதான் வந்து பரிசு கொடுக்கணும் பாட்டி. உங்க பேத்தி இங்கிருந்து அவ்வளவு தூரம் போயிருக்கு, பிள்ளைங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காஜா ஒன்றை இடம் மாற்றி வெட்டிவிட்டேன். நல்லவேளை, மாஸ்டருடைய சொந்தச் சட்டை.

அதே பள்ளிக்கூடத்தில்தான் ஆறாம் வகுப்புக்குப் போக என் டீச்சர் ஒரு காகிதம் கொடுத்தனுப்பினார். என் அப்பா கையெழுத்துப் போட்டால் போதும். அவர் அதைப் பரணில் தூக்கிப் போட்டார். கேட்டபோதெல்லாம் "பார்க்கலாம்" என்றார். அறுபது வருஷமாகிவிட்டது. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த மேடையில் போய் நிற்பதே அவருக்குப் பதில் சொல்வதற்குத்தான்.

விழாவில் வைக்க உன் புதுப் படம் வேண்டுமாம். மறக்காமல் அனுப்பு.

நீ நன்றாக இருந்தால் தானும் நன்றாக இருக்கும்,
உன் பாட்டி


ஆகஸ்ட் 24

அன்புள்ள பாட்டிக்கு,

உங்க உடம்பைப் பார்த்துக்கோங்க. என் உடம்பைப் பத்தி இந்தத் தடவை உண்மையை எழுதப்போறேன். உக்காந்து படிங்க. கடையில வெச்சுப் படிக்காதீங்க.

எனக்கு முடியல பாட்டி. மூணு வாரமா அறையை விட்டு வெளியே போறதே பெரிய பாடா இருக்கு. புத்தகத்தைத் திறந்தா ஒரே வரியை இருபது தரம் படிக்கிறேன், ஒண்ணும் ஏறல. பகல்ல கண்ணு திறக்கல, ராத்திரி மூட மாட்டேங்குது. காரணமே இல்லாம அழுகை வருது. தட்டு கழுவும்போது வருது.

இங்க பல்கலைக்கழக டாக்டர்கிட்ட போனேன். இது மனசுக்கு வர்ற நோய்தான், மருந்து இருக்கு, ஆனா ஒரு பருவம் படிப்பை நிறுத்தி ஓய்வு எடுத்தே ஆகணும்னு சொன்னாங்க. ஜனவரியில திரும்பச் சேர்ந்துக்கலாம்.

ஆனா சும்மா நிறுத்திட முடியாது. இங்கத்துப் பிள்ளைங்க ஒரு வருஷம் வீட்ல இருந்துட்டுக்கூட வரலாம். எங்களை மாதிரி வெளியிலிருந்து வந்தவங்களுக்கு விசா படிப்போட கட்டினது. வகுப்பு நின்னா விசாவும் நிக்கும். வெளிநாட்டு மாணவர்களுக்குன்னு ஒரு ஆபீஸ் இருக்கு, அங்க இருக்கிற அக்கா பொறுமையா விளக்கினாங்க. முதல்ல அனுமதி, அப்புறம்தான் ஓய்வு. அனுமதி வாங்கி நிறுத்தினா விசா அப்படியே இருக்கும், இங்கேயே வைத்தியம் பார்த்துக்கலாம். வாங்காம நின்னுட்டா விதிமீறல்னு எழுதி மூடிடுவாங்க, நாட்டை விட்டுப் போகணும்.

நீங்க காஜா எடுக்கிற மாதிரிதான் பாட்டி. நீங்க குறி போடுவீங்க, மாஸ்டர் பார்த்துத் தலையாட்டுவார், அப்புறம்தான் கத்திரி. வெட்டினதுக்கப்புறம் குறி போட்டு என்ன பண்றது?

வீடு உங்க பேர்ல இருக்கிறதால விசாவுக்குப் பொறுப்புக் கையெழுத்துப் போட்டது நீங்க. அதனால இதுக்கும் உங்க கையெழுத்து வேணுமாம். நகல் ஆகாது, பேனாவால போட்ட அசல்தான் வேணும். படிவம் உள்ளே இருக்கு. நான் பென்சிலால பெருக்கல் குறி போட்ட இடத்துல போடுங்க. செப்டம்பர் 30-க்குள்ள இங்க வந்து சேரணும். அதுக்காகத்தான் பதிவுத் தபால்ல அனுப்புறேன்.

அப்பாகிட்ட இன்னும் சொல்லல. முதல்ல உங்ககிட்டதான் சொல்றேன். வகுப்புக்கு லீவ் போடணும்னா எப்பவும் நீங்கதானே எழுதிக் கொடுப்பீங்க.

உங்க பதிலுக்குக் காத்திருக்கும்,
பேத்தி


செப்டம்பர் 8

அன்புப் பேத்திக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்றே நினைக்கிறேன். உன்னிடமிருந்து கடிதம் வந்து வெகு நாளாயிற்று. எழுதச் சோம்பலா?

விழா வேலை தடபுடலாக நடக்கிறது. எனக்கு ஒரு புடவை வாங்கியிருக்கிறார்கள், மாஸ்டர் ரவிக்கை தைத்துக் கொடுத்தார். ஐம்பது வருஷமாக அடுத்தவர் உடுப்புக்குப் பட்டன் வைத்தவள், முதன்முதலாக எனக்கென்று அளவு கொடுத்தேன். "கையைத் தூக்குங்க பாட்டி, பரிசு கொடுக்கும்போது தையல் பிரிஞ்சுடப் போகுது" என்று மாஸ்டர் சிரித்தார். பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி, தினமும் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்க்கிறேன். உன் அப்பா ஞாயிற்றுக்கிழமை பஸ் டூட்டி முடிந்து வந்தவன், நான் தனியாகப் பேசுவதைக் கேட்டுப் பயந்துவிட்டான்.

எதுவாக இருந்தாலும் மனதைத் திடமாக வைத்துக்கொள். சூடாக ஏதாவது குடி. கொஞ்ச நாளில் எல்லாம் சரியாகிவிடும். என் பேத்தி இதையெல்லாம் தாண்டி வருவாள்.

வேறு விசேஷம் இல்லை.

இப்படி எழுதி முடிக்கும்,
பாட்டி


செப்டம்பர் 19

பாட்டி,

நலமா இருப்பீங்கன்னு நம்புறேன். உங்க 8-ஆம் தேதிக் கடிதம் வந்தது. புடவையும் ரவிக்கையும் உங்களுக்கு அழகா இருக்கும்.

நேத்து கடைக்குப் போன் பண்ணினேன். மாஸ்டர் எடுத்தார். "பாட்டி பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்காங்கம்மா"ன்னார். பின்னாடி கத்திரி கீழே வைக்கிற சத்தம் கேட்டுது. மாஸ்டர் அவரோட கத்திரியைக் கீழே வெச்சா இடி மாதிரி இருக்கும். இது சின்னக் கத்திரி.

படிவத்தை அனுப்பிடுங்க பாட்டி. என்னால வகுப்புக்குப் போக முடியல. போகாம இருக்கிற ஒவ்வொரு நாளும் வருகைப் பதிவேட்டுல ஏறுது. ஆபீஸ் அக்கா ரெண்டு தடவை கேட்டுட்டாங்க. இன்னும் பதினோரு நாள் இருக்கு.

விழா நல்லபடியா நடக்கட்டும். உங்களைக் குறை சொல்லல.

பேத்தி


செப்டம்பர் 27

என் தங்கமே,

நான் நலம். நீ நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை.

விழா நேற்று நடந்தது. எனக்கு நடு நாற்காலி. மைக் என் உயரத்துக்கு இறங்கவில்லை. குண்டனை விட்டு ஒரு பலகை கொண்டுவரச் சொல்லி அதில் ஏறி நின்றேன். எழுதி வைத்திருந்த தாளை எடுத்தேன், கண் தெரியவில்லை. மனதில் வந்ததைச் சொன்னேன். நான் ஐந்தாவதோடு நிறுத்தப்பட்டவள், என் பேத்தி எதற்காகவும் ஒரு நாளும் படிப்பை நிறுத்தமாட்டாள் என்று சொன்னேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். கைதட்டல் நின்ற பிறகும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அறுபத்திரண்டு பேருக்குப் பரிசு கொடுத்தேன். உன் படத்துக்கு, அந்தப் பழைய படத்துக்குத்தான், மாலை போட வந்தார்கள். உயிரோடு இருக்கிற பெண்ணுக்குப் போடாதீர்கள் என்று தடுத்துவிட்டேன்.

உன் பதிவுத் தபால் இப்போதுதான் கைக்கு வந்தது. இந்தத் தபால்காரர் எங்கே வைத்திருந்தாரோ தெரியவில்லை. பார்த்ததும் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். இன்று ஞாயிறு, நாளைக் காலை கதவு திறக்கும்போதே தபால் ஆபீஸில் நிற்பேன். நாலு நாள் முன்னே பின்னே ஆனால் ஒன்றும் ஆகாது. எந்த ஆபீஸில்தான் சொன்ன தேதியில் வேலை நடந்திருக்கிறது? என் ரேஷன் கார்டுக்குக் கடைசித் தேதி முடிந்து இரண்டு மாதம் கழித்துப் போனேன், வாங்கிக்கொண்டார்கள். அந்த ஆபீஸ் பெண்ணிடம் பாட்டி வயசானவள் என்று சொல்.

மருந்தை விடாமல் சாப்பிடு.

உன் பாட்டி


அக்டோபர் 12

அன்புள்ள பாட்டிக்கு,

நீங்களும் அப்பாவும் சௌக்கியமா? விழாவைப் பத்திப் படிச்சேன். பலகை மேல ஏறி நின்னது கண்ணுக்கு முன்னாடி தெரிஞ்சுது. ரொம்ப நாளைக்கப்புறம் கொஞ்சம் சிரிச்சேன்.

படிவம் 9-ஆம் தேதி வந்தது. ஒன்பது நாள் தாமதம். ஆபீஸ் அக்கா என் கோப்பை ரெண்டு நாள் மூடாம மேஜையிலேயே வெச்சிருந்தாங்களாம். அப்புறம் அவங்க கையில இல்ல, கம்ப்யூட்டர் தானா மூடிடும்னாங்க. உங்க கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்தாங்க. "உங்க பாட்டி அழுத்தி எழுதுறாங்க, பின்பக்கம் தெரியுது"ன்னாங்க. அந்தத் தாளை என்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டாங்க.

அனுமதி இல்லாம படிப்பை விட்டேன்னு பதிவாயிடுச்சு. பதினஞ்சு நாளைக்குள்ள கிளம்பணும். அறையைக் காலி பண்ணிட்டிருக்கேன். ஒரு பெட்டிதான். தட்டு மேல ஒட்டியிருந்த எண்ணைக் கிழிச்சுட்டேன், பசை போகல.

நான் இப்போ வீட்டுக்கு வரல பாட்டி. என்கூடப் பள்ளிக்கூடத்துல படிச்ச சிநேகிதி தலைநகரத்துல பெண்கள் விடுதியில இருக்கா. அவ அறையில இடம் தர்றேன்னா. விலாசம் கீழே எழுதியிருக்கேன். அங்கேயே டாக்டரைப் பார்த்துக்கறேன். புதுசா விசாவுக்கு விண்ணப்பம் போட முடியுமான்னும் பார்க்கணும்.

கோபம் இல்ல. கடைச் சுவர்ல என் படம் தொங்குது, அதுக்குக் கீழே நான் எப்படி வந்து நிக்கிறது, சொல்லுங்க.

தபால்காரரை ஒண்ணும் சொல்லாதீங்க, பாவம்.

பேத்தி


நவம்பர் 1

என் கண்ணுக்கு,

நீ பத்திரமாக வந்து இறங்கியதை உன் சிநேகிதி உன் அப்பாவிடம் சொன்னாளாம். உன்னை அவன் வந்து பார்க்கக் கூடாது என்று நீ சொன்னதாகவும் சொன்னான். என்னைக் கேட்டான். தபால் தாமதமாக வந்தது, என்னால் என்ன செய்ய முடியும் என்றேன். எல்லாம் நேரம் என்று

நவம்பர் 3

மேலே எழுதியதை அப்படியே விட்டிருக்கிறேன். கிழித்துப் போடலாம் என்று நினைத்தேன். நீ படிக்கட்டும், உன் பாட்டி எப்படி எழுதுகிறவள் என்று தெரியட்டும்.

நேற்று உன் அப்பா டூட்டிக்குப் போகவில்லை. கடை வாசலில் நின்றுகொண்டு தபால்காரர் வந்ததும் சட்டையைப் பிடிக்காத குறையாக, "எம் பொண்ணோட தபாலை மூணு வாரம் எங்கேய்யா வெச்சிருந்தே? அவ படிப்பே போச்சு, தெரியுமா?" என்று சத்தம் போட்டான். நான் குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே கோத்திருந்த ஊசிதான்.

அந்த மனுஷன் கோபப்படவே இல்லை. "பாட்டி, நீங்களே சொல்லுங்க" என்றார். நான் நிமிரவில்லை. "செப்டம்பர் நாலாம் தேதி, இதே முக்காலியில உக்காந்துதானே கையெழுத்துப் போட்டீங்க? பேனா எழுதலைன்னு உதறுனீங்க, என் சட்டையில மை தெறிச்சுது. இன்னும் போகல, பாருங்க." சட்டைப் பையின் ஓரத்தில் பாசிப்பயறு அளவுக்கு ஒரு நீலப் புள்ளி. மாஸ்டர் ரேடியோவை நிறுத்தினார். உன் அப்பா என்னைப் பார்த்தான். நீ பிறந்ததிலிருந்து அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

தபால்காரர் போகும்போது மெல்லச் சொன்னார்: "தபால் கிடைச்சுதுன்னு நீங்க கையெழுத்துப் போட்ட அந்த அட்டை எங்க ஆபீஸுக்கு இல்ல பாட்டி. அனுப்பினவங்களுக்கே திரும்பிப் போறதுக்கு. உங்க பேத்தி கைக்கு எப்பவோ போயிருக்கும்."

எனக்கு அது தெரியாது. ஏதோ அவருடைய கணக்குக்கு என்று நினைத்துப் போட்டேன். என் கையெழுத்து, தேதியோடு உன் கைக்கு வந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் என் பொய்யையெல்லாம் படித்திருக்கிறாய். ஒன்றும் கேட்கவில்லை. தபால்காரரை ஒன்றும் சொல்லாதீர்கள் என்று எழுதினாய்.

உண்மையைச் சொல்கிறேன். உன் கடிதத்தை அன்றே மூன்று தரம் படித்தேன். தட்டு கழுவும்போது அழுகை வருகிறது என்ற இடத்தில் எனக்கும் வந்தது. பேனாவை எடுத்தேன். பெருக்கல் குறி வரை போனேன். விழா முடியட்டும் என்று தோன்றியது. பேத்தி படிப்பை நிறுத்துகிறாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அந்த மேடையில் எந்த வாயால் பேசுவது? இருபத்திரண்டு நாள்தானே, அதற்குள் என்ன ஆகிவிடும் என்று பட்டன் டப்பாவுக்கு அடியில் வைத்தேன். தினமும் டப்பாவைத் திறந்தேன். நீ போன் செய்த அன்று, இல்லை என்று சொல்லச் சொல்லி மாஸ்டருக்குக் கைகாட்டியதும் நான்தான். கத்திரி என்னுடையதுதான்.

என் அப்பாவை அறுபது வருஷமாகத் திட்டினேன். இனி அந்தப் பேச்சை எடுக்கமாட்டேன்.

மன்னித்துவிடு என்று கேட்கப் பயமாக இருக்கிறது. நீ உடனே மன்னித்துவிடுவாய்.

பாட்டி


நவம்பர் 30

அன்புள்ள பாட்டிக்கு,

பதில் போட இவ்வளவு நாளாயிடுச்சு. மூணு தடவை ஆரம்பிச்சேன். உங்க முழங்கால் எப்படி இருக்கு? குளிர்ல உக்காந்து தைக்காதீங்க.

அட்டை செப்டம்பர் 17-ஆம் தேதி என் கைக்கு வந்தது. அதுக்கு மறுநாள்தான் போன் பண்ணினேன். உங்க வாயாலயே சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன். அதுக்கப்புறமும் கேட்டிருக்கலாம், அப்பாகிட்ட சொல்லியிருந்தா அவரே கையைப் பிடிச்சுக் கையெழுத்து வாங்கியிருப்பார். எனக்குத் தோணல. பாட்டி போடாம இருக்காங்கன்னா நான் நிறுத்தக் கூடாதுன்னு அர்த்தம்னு நினைச்சேன். வகுப்புக்குப் போகப் பார்த்தேன். கட்டடத்து வாசல் வரைக்கும் போய், படிக்கட்டுல உக்காந்துட்டுத் திரும்பி வந்தேன். நாலு நாள் அப்படிப் போனேன்.

புது விண்ணப்பம் போட்டேன். போன வாரம் பதில் வந்தது. முன்னாடி விசா விதியை மீறினதால தர முடியாதுன்னு ரெண்டே வரி. மேல்முறையீடு செய்யலாமாம், செஞ்சாலும் வருஷக்கணக்குல ஆகுமாம். அந்தப் படிப்பு முடிஞ்சுபோச்சு பாட்டி. சொல்லிப் பார்த்துக்கறேன், பழகணும்ல.

நீங்க கேக்கப் பயந்ததை நான் இப்போ தரல. தர முடியும்னு தோணுற அன்னைக்குச் சொல்றேன். பொய்யா தர வேண்டாம்னு பார்க்கிறேன்.

இங்க ஒரு பெண் டாக்டர். மருந்து வேப்பெண்ணெய் மாதிரி கசக்குது, வாயைவிட்டுப் போகவே மாட்டேங்குது, சர்க்கரை போட்டாலும் கசக்குது, சிநேகிதி குடிச்சுப் பார்த்துட்டுத் துப்பிட்டா. செவ்வாய்க்கிழமை எட்டு மணி நேரம் தூங்கினேன். நேத்து தலை வாரிக்கிட்டேன், ஒற்றைப் பின்னல்தான். அறைக்குப் பின்பக்கம் லாண்டரி, நாள் முழுக்க சோப்பு வாசனை. பிடிச்சிருக்கு.

அந்த அட்டையைத் தூக்கிப் போடல. ரெண்டு தடவை குப்பைக் கூடை வரைக்கும் போச்சு. உங்க கையெழுத்தாச்சே.

பேத்தி


டிசம்பர் 14

என் வாயாடிக்கு,

நான் இருக்கிறேன். முழங்கால் அப்படியேதான். நீ கேட்டதே போதும்.

நம் வீட்டுப் பிள்ளைகளின் சேதி. பெரியவன் முதல் முறையாகக் கம்பத்தின் உச்சி வரை ஏறினான், இறங்கத்தான் பயந்தானாம். அவன் தங்கச்சி ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போகிறாள். குண்டன் இந்த முறை கடைசி. அதை அவனே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

பிறகு நீ. செவ்வாய்க்கிழமை எட்டு மணி நேரம் தூங்கினாய். தலை வாரிக்கொண்டாய். மருந்து கசக்கிறது என்று நாலு விதமாகச் சொல்லியிருக்கிறாய், ஆகஸ்டுக்குப் பிறகு நீ எதையும் இவ்வளவு நீட்டிச் சொன்னதில்லை. கடையில் ஒரு அம்மா கேட்டார், "உங்க பேத்தி எப்படி இருக்கு?" என்று. நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து சொன்னேன்: "அவளுக்கு உடம்பு சரியில்ல. படிப்பு நின்னுபோச்சு. நின்னது என்னாலதான். செவ்வாய்க்கிழமை எட்டு மணி நேரம் தூங்குனா." அந்த அம்மா தைக்கக் கொண்டுவந்த துணியைப் பிரித்துத் திரும்ப மடித்தார். மாஸ்டர் மட்டும், "எட்டு மணி நேரமா! நல்ல விஷயம்தான் பாட்டி" என்றார்.

தலைமை ஆசிரியையிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். தபால்காரர் சட்டையிலிருந்து அந்த மையைப் போக்க எலுமிச்சம்பழம், உப்பு எல்லாம் போட்டுப் பார்த்தேன், போகவில்லை. இருக்கட்டும் பாட்டி என்றார். உன் அப்பா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஞாயிறு வருகிறான், சாப்பிடுகிறான், போகிறான். அது நியாயம்தான்.

நீ தர முடியாததை நான் கேட்கமாட்டேன். வீட்டுக்கு வா என்றும் கேட்கமாட்டேன். வருவதும் வராததும் உன் இஷ்டம்.

சுவரில் இருந்த பழைய படத்தை நானே முக்காலி போட்டு ஏறிக் கழற்றினேன். அது இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது, மற்ற இடமெல்லாம் தூசி பிடித்திருக்கிறது. மாஸ்டர் அங்கே காலண்டர் மாட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நான் காஜா எடுக்கும்போது நிமிர்ந்தால் அந்த இடம்தான் தெரிகிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன், முடிந்தால் செய். ஒரு புதுப் படம் எடுத்து அனுப்பு. தலை வாராவிட்டாலும் பரவாயில்லை, சிரிக்கவும் வேண்டாம், இப்போது எப்படி இருக்கிறாயோ அப்படியே. கடையில் மாட்டமாட்டேன், எனக்கு மட்டும். பதிவுத் தபாலில் அனுப்பு. வந்த அன்றே கையெழுத்துப் போடுகிறேன், அட்டை உனக்கு வந்துவிடும்.

பாட்டி